எப்போதாவது வெட்டும் கார்: ஒரே பெயருக்குள் இருந்த இரண்டு பழுதுகள்

மாற்றியமைத்த டர்போ கார்களில் வரும் பழுதுகளிலேயே ஆளை அதிகம் அலைக்கழிப்பது, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பழுது. அடியோடு நின்றுபோன வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் யாராவது ஒருவர் காரணத்தைப் பிடித்துவிடுவார். ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு கணம் வெட்டிவிட்டு, அடுத்த கணமே பழையபடி இழுக்கத் தொடங்கும் வண்டிக்கோ ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னுடைய இரண்டாம் தலைமுறை ஆடி டிடி காரில் அப்படி ஒரு தொல்லை வந்து தீர்ந்தது. பெங்களூருவில் ரீமேப் செய்த (கூடுதல் திறனுக்காக என்ஜின் கணினியின் நிரலை மாற்றிய) டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் இதே அறிகுறிக்காக ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவதைப் பார்ப்பதால்தான் தேடிய விதத்தை விரிவாக எழுதுகிறேன். பாகத்தை மாற்றும் முன் அளந்து பார்க்கலாம். அளக்கும் முன், வண்டி எந்தச் சூழலில் வெட்டுகிறது என்பதைக் கறாராக எழுதிவைக்கலாம். இந்த இரண்டையும் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சும் டர்போ என்ஜின் கொண்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 211 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் அதற்கு இருந்தன. ஆறு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. நான் செகண்ட் ஹேண்டாக வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்து, டவுன்பைப், பெரிய இன்டர்கூலர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றியிருந்தார். கூடுதல் பெட்ரோல் தேவைப்படும் என்பதற்காக டேங்கிற்குள் இருக்கும் பம்பையும் பெரியதாக மாற்றி, அதற்குத் தனியாக ஒயரும் இழுத்திருந்தார்கள். என் கைக்கு வந்த பில்லில் "பம்பு, ஒயரிங், லேபர்" என்ற சொற்களும் தொகைகளும் மட்டுமே இருந்தன. எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எர்த் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் ஒரு வரிகூட இல்லை. மாற்றியமைத்த கார்களில் தேடலைக் கடினமாக்குவது இதுதான். தொழிற்சாலை வரைந்த மின்சுற்று வரைபடம் ஒரு வண்டியைக் காட்டும். நம் முன்னால் நிற்பது இன்னொரு வண்டி.

அறிகுறிக்கு வருவோம். நம் ஊர் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள், நண்பர்கள் "ஜெர்க்" என்பார்கள். நானும் முதலில் ஒரே பெயரில்தான் குறித்துவந்தேன். ஆனால் பெயரை எழுதாமல், நடந்ததை எழுதத் தொடங்கிய பிறகு குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சில குறிப்புகளில் விடியற்காலைக் குளிரில், மூன்றாவது கியரில், 3500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3500 சுழற்சி) தாண்டும்போது சடக்கென்று ஒரு வெட்டு. ஒரு நொடிக்கும் குறைவாக நீடித்து உடனே மறையும். வேறு சில குறிப்புகளில் பிற்பகல் வெயிலில், டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது, பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து முடித்த பிறகு, ஆர்பிஎம் 5000 தாண்டும் இடத்தில் இழுவை மெல்லக் கரைந்து, காலை எடுக்கும்வரை திரும்பாமல் இருக்கும். ஒன்று குளிரை விரும்புகிறது, மற்றது சூட்டை விரும்புகிறது. ஒன்று அதிர்ச்சி, மற்றது தளர்ச்சி. இவை இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன என்று வைத்துக்கொண்டு தேடினால், ஒரு பாதிக்குப் பொருந்தும் காரணம் மறு பாதிக்குப் பொருந்தாமல் நம்மைச் சுற்றிச்சுற்றி அலையவிடும். இரண்டாகப் பிரித்த அன்றுதான் தேடல் உண்மையில் தொடங்கியது என்று சொல்வேன்.

பிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டர்போ என்ஜினில் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருப்பது முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் நடு ஆர்பிஎம்மில். ஒரு நொடிக்குச் செலவாகும் பெட்ரோல் உச்சத்தில் இருப்பதோ, குதிரைத்திறன் உச்சத்தைத் தொடும் உயர் ஆர்பிஎம்மில். ஆகவே நடு ஆர்பிஎம்மில் வெட்டினால் முதலில் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். உயர் ஆர்பிஎம்மில், அதுவும் அழுத்திப் பிடிக்கப் பிடிக்க மோசமாகும் தளர்ச்சி என்றால் முதலில் பெட்ரோல் வரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இது முடிவு அல்ல, தேடலை எந்தப் பக்கம் தொடங்குவது என்பதற்கான வழிகாட்டல் மட்டுமே. ஆனால் பழுது தேடும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள ஒரு குறிப்பை என்னால் கொடுக்க முடியாது.

இதற்கெல்லாம் செக் என்ஜின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. என்ஜின் கணினி, கிராங்க்‌ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் வரும் மிகச்சிறு ஏற்ற இறக்கங்களைக் கொண்டுதான் எந்த சிலிண்டர் எரியத் தவறியது என்று கணக்கிடுகிறது. குறிப்பிட்ட சுழற்சிகளுக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தவறினால்தான் விளக்கை எரிய வைக்கும். நாலைந்து தவறுதல்கள் ஓட்டுநரின் முதுகில் நன்றாகவே உறைக்கும். கணினியின் கணக்கிலோ அவை வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் எண்ணிக்கை உள்ளே பதிவாகிக்கொண்டேதான் இருக்கும், ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாகப் பார்க்கலாம். "கோடு (பழுதுக் குறியீடு) எதுவும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் இடங்களில், கோடுக்கும் நேரடி அளவீட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான் வண்டியைக் கொடுத்தது அல்சூரில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம். குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பு குடியாத்தத்திலிருந்து வந்தது. தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசுவார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம், பட்டியலைக் கொடுத்து பாகம் வாங்கிவரச் சொல்லமாட்டார். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் கிடைக்காத பாகம் இல்லை. அதனாலேயே நம் ஊரில், சந்தேகம் வந்தவுடன் காயில், பிளக், சென்சார், பம்பு என்று வரிசையாக வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அதில் செலவைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. புதிதாகப் போட்ட ஒவ்வொரு பாகமும், அதை மாட்டக் கழற்றிய ஒவ்வொரு இணைப்பும் அடுத்த சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. நான்கு பாகங்களை ஒரே நாளில் மாற்றி வெட்டு நின்றுபோனாலும் எதனால் நின்றது என்று தெரியாது. ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தால், தொடங்கிய இடத்தைவிடப் பின்னால் நிற்போம்.

முதல் வேலையாக லாக் (ஓடும்போது பதிவாகும் அளவீடுகள்) எடுத்தோம். ஆடி சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களுக்கு விசிடிஎஸ் என்ற மென்பொருள் பழக்கமானது. லேப்டாப்பை இணைத்தால் என்ஜின் கணினி கேட்டதையும் உண்மையில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கேட்ட பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்றின் அழுத்தம்), கிடைத்த பூஸ்ட். கேட்ட ரெயில் பிரஷர் (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தப் பம்பு தரும் அழுத்தம்), கிடைத்த ரெயில் பிரஷர். இந்த இணைகளுக்கு நடுவில் எங்கே இடைவெளி விழுகிறது என்பதே கேள்வி. ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும்: ஒரே நேரத்தில் அதிகமான அளவீடுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் பதிவாகும், கால் நொடி நீடிக்கும் வெட்டு இரண்டு பதிவுகளுக்கு நடுவில் நழுவிப்போகும். ஆகவே ஒரு ஓட்டத்துக்கு ஒரு சந்தேகம், அதற்குரிய சில அளவீடுகள் மட்டும். நடு ஆர்பிஎம் சோதனையை, போக்குவரத்து இல்லாத ஏற்றச் சாலையில் மூன்றாவது கியரை மாறாமல் வைத்து, 2000 முதல் 4000 வரை முழு ஆக்சிலேட்டரில் செய்தோம். வேகம் வரம்புக்குள்ளேயே இருக்கும், என்ஜினுக்குப் பாரமும் கிடைக்கும். உயர் ஆர்பிஎம் சோதனையைச் சாலையில் செய்யக்கூடாது என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார். நான்கு சக்கரங்களையும் ஏற்றக்கூடிய டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகளின்மேல் ஓட்டி அளக்கும் கருவி) ஒன்றில் வாடகைக்கு நேரம் எடுத்தோம்.

இங்கே பெங்களூருவுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையில் 1010 மில்லிபார் என்றால் இங்கே 910 அளவில்தான் இருக்கும். என்ஜின் கணினி கேட்பது முழுமையான அழுத்தத்தை. அது 2200 மில்லிபார் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், சென்னையில் டர்போ வெளிக்காற்றை ஏறத்தாழ 2.2 மடங்கு அழுத்தினால் போதும், இங்கே 2.4 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். டேஷ்போர்டில் தனியாக மாட்டிய பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதால், அதே 2200க்கு சென்னை வண்டியில் 1.19 பார் காட்டும், நம் வண்டியில் 1.29 காட்டும். சென்னை நண்பரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டு "பூஸ்ட் அதிகமாக வருகிறது, அதனால்தான் வெட்டுகிறது" என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும். கணினியின் லாக்கில் உள்ள முழுமையான அழுத்தத்தை ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

என் லாக்கில் பூஸ்ட் கேட்டபடியே கிடைத்துக்கொண்டிருந்தது. ஆகவே குழாய்க் கசிவு, பழுதான டைவர்ட்டர் வால்வு ஆகிய சந்தேகங்களைப் புகை மெஷினால் ஒருமுறை சோதித்து உறுதிசெய்துவிட்டுக் கடந்துபோனோம். என்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலின் திறப்பையும் லாக்கில் சேர்த்திருந்தோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரீமேப் சரியாக அமையாத வண்டிகளில், கிடைக்கும் முறுக்குவிசை தான் கணக்கிட்ட வரம்பை மீறுகிறது என்று கணினி நினைத்தால், நம் கால் முழுதாக அழுத்தியிருந்தாலும் த்ராட்டிலைத் தானே மூடிவிடும். அதுவும் வெட்டு போலத்தான் இருக்கும். என் வண்டியில் விடியற்காலை வெட்டின்போது த்ராட்டில் அசையவில்லை. கிளட்ச் நழுவுகிறதா என்பதற்கு ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டரே சாட்சி: நழுவினால் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளும், தீப்பொறி தவறினால் முள் தயங்கும். இங்கே முள் தயங்கியது.

மிஸ்ஃபயர் (எரியத் தவறிய) எண்ணிக்கை நான்கு சிலிண்டர்களிலும் சிதறிக் கிடந்தது. ஒரே சிலிண்டரில் குவிந்திருந்தால் அதன் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி, பழுது காயிலோடு சேர்ந்து இடம்பெயர்கிறதா என்று பார்த்துவிடலாம். செலவில்லாத, தெளிவான சோதனை அது. நான்கிலும் சிதறுகிறது என்றால் நான்குக்கும் பொதுவான காரணம் இருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றியபோது முனைகள் நல்ல நிறத்தில், பழுப்பு பூத்துச் சுத்தமாகவே இருந்தன. அண்ணன் அவற்றை ஒரு துணியின்மேல் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி, ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக இடைவெளியில் நுழைத்துப் பார்த்தார். 0.80 தகடு லேசாக உரசிக்கொண்டு போனது, ஒன்றில் 0.85 கூட நுழைந்தது. ரீமேப் செய்யாத வண்டிக்கு 0.8 மி.மீ. என்பது குறை சொல்ல முடியாத இடைவெளிதான். ஆனால் அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. சிலிண்டருக்குள் அடர்த்தியான காற்று அடைக்கப்படும் கணத்தில் காயிலால் அந்த மின்னழுத்தத்தை எட்ட முடியவில்லை என்றால் பொறி பாயாது, அந்தச் சுழற்சி வீணாகும். விடியற்காலைக் குளிர்க்காற்று அடர்த்தியானது என்பதால்தான் வெட்டு குளிரை விரும்பியது.

அதே வெப்ப எண் (சூட்டை வெளியேற்றும் திறனின் அளவு) கொண்ட புதிய பிளக்குகளை வாங்கி, இடைவெளியை 0.65க்குக் குறைத்து மாட்டினோம். காயில்களைத் தொடவில்லை, வேறு எதையும் தொடவில்லை. அதே ஏற்றம், அதே கியர், அதே விடியற்காலைக் குளிர். மிஸ்ஃபயர் எண்ணிக்கை சுழியத்தில் நின்றது. இடைவெளியை இன்னும் குறைத்தால் இன்னும் நல்லது என்று சிலர் 0.5 வரை இறக்குகிறார்கள். பொறி சிறுத்து, ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும்போது) நடுக்கம் வரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை; வெட்டு நிற்கும் அளவுக்குக் குறைத்தால் போதும்.

இங்கே நிறுத்தியிருந்தால் பழுது தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். விடியற்காலை வெட்டு போய்விட்டது, பிற்பகல் தளர்ச்சி அப்படியே இருந்தது. குறிப்புகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்ததால்தான் "பிளக் மாற்றியும் சரியாகவில்லை" என்ற தவறான முடிவுக்கு நாங்கள் போகவில்லை.

பெட்ரோல் பக்கம் போகும் முன் எத்தனால் பற்றிச் சொல்லியாக வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூருவில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான் அறிமுகமானது. இன்று பெட்ரோல் பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது அதுவே. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது விழுக்காட்டுக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. இதைத் திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு இந்தக் கலவையில் எட்டு ஒன்பது விழுக்காடு கூடுதல் எரிபொருளை ஊற்ற வேண்டும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி தானே இதைச் சரிசெய்துகொள்ளும், ஃபியூயல் டிரிம் எண்ணில் அது தெரியும். ஐடிலில் டிரிம் ஏறினால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். என் வண்டியில் ஐடிலில் டிரிம் சுழியத்தை ஒட்டியும், பாரத்தில் ஏழு விழுக்காடு ஏறியும் இருந்தது. எத்தனாலால் வெட்டுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆக்டேன் எண்ணைப் பொறுத்தவரை எத்தனால் டர்போ என்ஜினுக்கு உதவவே செய்கிறது. ஆனால் பம்பு ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த எட்டு ஒன்பது விழுக்காடு அதை விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடும்.

டைனோவில், டேங்கில் கால் பாகத்துக்கும் குறைவான பெட்ரோலோடு, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு நான்காவது கியரில் எடுத்த லாக் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. 4500 வரை கேட்ட ரெயில் பிரஷரும் கிடைத்த ரெயில் பிரஷரும் ஒட்டியே போகின்றன. 5000க்கு மேல் கணினி 130 பார் கேட்டுக்கொண்டே இருக்க, கிடைப்பது 115, 96, 78 என்று இறங்குகிறது; அதற்குப் பிறகு த்ராட்டில் தானாக மூடத் தொடங்குகிறது. நேரடிப் பீய்ச்சலில் இந்த வீழ்ச்சியை ஈடுகட்ட இடமே இல்லை. 6000 ஆர்பிஎம்மில் ஓர் உறிஞ்சு வீச்சு (பிஸ்டன் ஒருமுறை இறங்கிக் காற்றை இழுப்பது) நடப்பது 5 மில்லி நொடிக்குள். இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம் என்றால் அதற்கு நேரமில்லை. கலவை மெலிந்து, முழு பூஸ்ட்டில் வெப்பம் ஏறி, பிஸ்டனையே இழக்க நேரிடும். முதல் வெட்டு தொந்தரவு, இரண்டாவது தளர்ச்சி ஆபத்து. இதை உணர்ந்த பிறகு, காரணம் தெரியும்வரை நான் அந்த வண்டியை முழு ஆக்சிலேட்டரில் ஓட்டவில்லை. இழுவை கரைகிறது என்று சொல்லும் எவருக்கும் நான் முதலில் சொல்வதும் அதையேதான்.

உயர் அழுத்தப் பம்பு தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்று டைனோவில் இருந்தவர்கள் சொன்னார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பம்பு கேம்ஷாஃப்ட்டால் இயங்குவது. டேங்கிலிருந்து வருவதை அழுத்திக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. வருவதே குறைந்தால் அது என்ன செய்யும்? டேங்குப் பக்கத்துக் குழாயில் ஒரு கேஜை இணைத்துப் பார்த்தோம். ஐடிலில் 5 பாருக்குச் சற்று மேலே நின்ற முள், பாரம் ஏறியபோது 3க்குக் கீழே போனது. உயர் அழுத்தப் பம்புக்குப் பழி இல்லை என்பது அந்த முள்ளிலேயே தெரிந்துவிட்டது.

டேங்கில் பெட்ரோல் குறைந்தால் மோசமாவதற்கும் விளக்கம் கிடைத்தது. நான்கு சக்கர இழுவை கொண்ட வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் போகும் நீள் தண்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் டேங்க் நடுவில் மேடாகி, இருபுறமும் இரண்டு பள்ளங்களாக இருக்கும். பம்பு ஒரு பள்ளத்தில் இருக்கும். மறு பள்ளத்துப் பெட்ரோலை, பம்பின் ஓட்டத்தைக் கொண்டே இயங்கும் ஓர் உறிஞ்சி இந்தப் பக்கம் கொண்டுவரும். பம்பு தளர்ந்தால் உறிஞ்சியும் தளரும். மீட்டர் கால் டேங்க் காட்டும்போதும் பம்பைச் சுற்றிப் பெட்ரோல் குறைவாக இருக்கலாம். குறைவான பெட்ரோல் சீக்கிரம் சூடேறும், பம்பைக் குளிரவைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். வெயிலையும் நெரிசலையும் அது விரும்பிய காரணம் இப்படித் தெளிவாயிற்று.

அடுத்த கேள்வி, பம்பே பழுதா, அல்லது பம்புக்கு வேண்டிய மின்சாரம் போகவில்லையா என்பது. பின் சீட்டைத் தூக்கினால் பம்பின் மூடியும் அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டியும் தெரியும். (இந்த வேலையைச் செய்பவர்கள் கதவுகளைத் திறந்து வைத்து, பக்கத்தில் தீயணைப்பானை வைத்துக்கொள்ள வேண்டும், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் மின் இணைப்புகளைத் தொடுகிறோம்.) என்னிடம் இருந்த மல்டிமீட்டரால் எர்த் ஒயரின் மின்தடையை அளந்தேன், 0.3 ஓம் காட்டியது, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டும். குறை இல்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். அண்ணன் சொன்னார்: "ஓம்ல பாத்தா தெரியாது சார். கரன்ட் ஓடும்போது வோல்ட்ல வெச்சுப் பாக்கணும். பம்பு நின்னுட்டு இருந்தா எந்த ஒயரும் நல்லாத்தான் காட்டும்."

அவர் சொன்ன சோதனை வோல்டேஜ் டிராப் எனப்படுவது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் நீண்ட ஒயரால் இணைத்து, மறு முனையைப் பம்புப் பெட்டியின் எர்த் இணைப்பு ஊசியில் வைக்க வேண்டும். எர்த் பாதை சரியாக இருந்தால், பம்பு எவ்வளவு கரன்ட் இழுத்தாலும் மீட்டர் சுழியத்தை ஒட்டியே, 0.1 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மீட்டரை முன் சீட்டில் வைத்துக்கொண்டு டைனோவில் மறுபடி ஓட்டினோம். ஐடிலில் 0.3. ஆர்பிஎம் ஏற ஏற 0.8, 1.2, கடைசியில் 1.8 வோல்ட். பம்பு அப்போது இழுத்தது 12 ஆம்பியர் என்று கிளாம்ப் மீட்டர் காட்டியது. 1.8ஐ 12ஆல் வகுத்தால் 0.15 ஓம். இத்தனை சிறிய தடையை என் மல்டிமீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் பம்புக்குக் கிடைக்க வேண்டிய மின்னழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கை அது விழுங்கிக்கொண்டிருந்தது. சிறிய பம்பு இழுக்கும் குறைந்த கரன்ட்டில் தெரியாமல் போகக்கூடிய தடை, பெரிய பம்பு இழுக்கும் கரன்ட்டில் தன்னைக் காட்டிவிட்டது.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், பின் சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டின் ஓரத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. தொழிற்சாலை எர்த் முனை இல்லை அது. ஏதோ ஒரு பிராக்கெட்டைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி, அதிலேயே ஒயரின் லக்கை (முனையில் உள்ள உலோக வளையத்தை) நுழைத்து முறுக்கியிருந்தார்கள். அடியில் பெயின்ட்டைச் சுரண்டவில்லை. லக்கை எடுத்துப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் முழுதும் வண்டியின் நிறம் வட்டமாக ஒட்டியிருந்தது. உலோகத்தோடு உலோகம் தொட்டது போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான். அந்த மரையிலும் சீலன்ட் படிந்து கருத்திருந்தது. லக்கின் பிளாஸ்டிக் உறை சூட்டில் சற்றுச் சுருங்கி, பளபளப்பு போயிருந்தது. மரையின் தொடுப்பு அதிர்விலும் சூட்டிலும் மாறிக்கொண்டே இருந்ததால்தான் பழுது ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் இருந்திருக்கிறது.

அந்தப் போல்ட்டை அண்ணன் மறுபடி பயன்படுத்தவில்லை. தொழிற்சாலை எர்த் முனை ஒன்றைத் தேடி, அதன் பரப்பை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதிய செம்பு லக்கைக் கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே துருவெதிர்ப்புக் கிரீஸ் பூசினார். பாசிட்டிவ் பக்கத்திலும் அதே சோதனையைச் செய்து, ஃபியூஸ் ஹோல்டரில் 0.2 வோல்ட் இழப்பு இருந்ததால் அதையும் மாற்றினார். பம்பை மாற்றவில்லை. உயர் அழுத்தப் பம்பை மாற்றவில்லை. ரீமேப்பைத் தொடவில்லை.

அதே டைனோ, அதே கால் டேங்க், அதே சூடு. எர்த் பக்க இழப்பு முழுப் பாரத்திலும் 0.08 வோல்ட். டேங்குப் பக்க அழுத்தம் 5 பாருக்குக் கீழே இறங்கவில்லை. ரெயில் பிரஷர் 130 கேட்டால் 128, 131 என்று ஒட்டியே 6200 வரை வந்தது, த்ராட்டில் கடைசிவரை முழுதாகத் திறந்தே இருந்தது. பாரத்தில் ஏறியிருந்த ஃபியூயல் டிரிம் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. மீதி ஐந்து எத்தனாலுக்கு உரியது என்று எடுத்துக்கொள்கிறேன். ரீமேப்பை இந்தக் கலவைக்கு ஏற்பத் திருத்துவது தனி வேலை; அதற்கு முன் இன்டேக் வால்வுகளில் படிந்திருக்கும் கரியைச் சுத்தம் செய்ய வேண்டும். நேரடிப் பீய்ச்சலில் வால்வைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால் கரி படிவது இந்த வகை என்ஜின்களின் இயல்பு. வால்வு வேலை முடிந்ததும் அடுத்த லாக்கை எடுத்து, இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

பில்லை மட்டும் இந்த முறை நானே எழுதிக் கொடுத்து அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எர்த் முனை எங்கே, லக்கின் அளவு என்ன, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், பிளக் இடைவெளி எவ்வளவு, மாற்றிய அன்று வோல்டேஜ் டிராப் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. சர்வீஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும் நாளில் அதுவும் சாவியோடு சேர்ந்து போகும்.